கிளிக்... கிளிக்... ஐயோ, விரல்!

செருப்புக் கடைக்குப் போனால் "எத்தனாம் நம்பர்?" என்று கேட்கிறார்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்காமல் பிரேமையே எடுத்துக் காட்டமாட்டார்கள். அளவு ரவிக்கை இல்லாமல் எந்த டெய்லரும் கத்திரியைத் தொடுவதில்லை. ஆனால், காலையில் பத்து மணிக்குப் பிடித்தால் சாயங்காலம் ஆறு மணி வரை கையோடு ஒட்டிக்கொண்டே இருக்கிற கம்ப்யூட்டர் மவுஸை மட்டும் எப்படி வாங்குகிறோம்? "ஒரு மவுஸ் கொடுங்க. விலை கம்மியா, கறுப்புக் கலர்ல!" அவ்வளவுதான்.

அந்த அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 'டி.பி.ஐ.' என்று ஏதோ ஆயிரக்கணக்கில் ஒரு நம்பர் இருக்கும். பத்து மீட்டர் தூரத்தில் இருந்தும் வேலை செய்யும் என்று போட்டிருக்கும். கலர் கலராக விளக்கு எரியும் என்றுகூடச் சிலதில் இருக்கும். இன்னும் கொஞ்சம் விலை கூடினால், 'இரண்டு கோடி கிளிக் தாங்கும்' என்று மார்தட்டியிருப்பார்கள். மவுஸ் தாங்கும், சந்தோஷம். விரல் தாங்குமா? அதைப் பற்றி ஒரு வரி... ஊஹூம்!

ஒரு தடவை கிளிக் செய்ய விரல் எவ்வளவு கிராம் அழுத்த வேண்டும், அழுத்தியபடியே பிடித்துக்கொள்ள எவ்வளவு வேண்டும், அந்த சுவிட்ச் தேய்ந்துபோனால் மாற்ற முடியுமா? மவுஸ் செய்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. கோடு போட்டாற்போல் அம்பு நகர்வதற்கு அவர்கள் செலவழித்த மூளையில் கால்வாசியை அந்தச் சின்ன சுவிட்சுக்குச் செலவழித்திருந்தால் போதும். எத்தனையோ பேர் ராத்திரியில் மணிக்கட்டில் தைலம் தடவிக்கொண்டு படுக்க வேண்டியிருக்காது.

"உக்காந்த இடத்துல விரலை ஆட்டறதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? நாங்க எல்லாம் அம்மியில அரைச்சவங்க!" என்று பெரியவர்கள் சிரிக்கலாம். பாட்டி, அம்மியில் அரைக்கும்போது தோள், முதுகு, இடுப்பு எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. அரைத்து முடித்ததும் வேறு வேலைக்குப் போனீர்கள். இங்கே அப்படி இல்லை. உடம்பு முழுக்க அசையாமல் கிடக்க, ஒரே ஒரு ஆள்காட்டி விரல் மட்டும் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்கிறது. கஷ்டமான வேலை என்பதற்காக அது வலிப்பதில்லை. ஒரே வேலை, ஓய்வில்லாத வேலை என்பதால்தான் வலிக்கிறது.

உள்ளே இருக்கும் தகரத் தவளை

மவுஸுக்குள் என்னதான் இருக்கிறது? திருவிழாக் கடைகளில் தகரத்தில் ஒரு தவளை விற்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? வயிற்றை அழுத்தினால் 'டிக்', விட்டால் 'டக்'. வீட்டில் இரண்டு பிள்ளைகள் கையில் அது கிடைத்தால் நம் மண்டை வெடிக்கும்! மவுஸின் இடது பட்டனுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான். அதற்குள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கலவைத் தகடு ஏறக்குறைய அந்தத் தவளைதான். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் தகடு சட்டென்று மறுபக்கம் துள்ளி, கீழே இருக்கும் முனையைத் தொடும். மின்சாரம் பாயும். 'கிளிக்' என்று கேட்கிறதே, அது அந்தத் துள்ளல் சத்தம்.

இதற்கு மைக்ரோ சுவிட்ச் என்று பெயர். மவுஸுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் 1930-களிலேயே வந்துவிட்டது. தொழிற்சாலை யந்திரங்களுக்கும் கருவிகளுக்கும் என்று பிறந்த சுவிட்ச்! யந்திரத்தின் இரும்புக் கை வந்து அழுத்தினால் வலிக்குமா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அதே சுவிட்ச் பிற்பாடு சுருங்கி, மனிதர்களின் விரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தப் பூர்வீகம் தெரிந்தால் பல விஷயம் புரியும்.

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பர்ட்டும் சரி, 1960-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அதைச் செய்து கொடுத்த பில் இங்கிலீஷும் சரி, நாள் முழுக்க ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று கனவு கண்டிருப்பார்களா என்பது சந்தேகமே. முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரம், மேலே மூலையில் ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பர்ட் அதை மேடையேற்றிக் காட்டினார். அப்போது பட்டன் மூன்றாகியிருந்தது. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆல்டோவிலும் மூன்று. 1983-இல் ஆப்பிள் தன் லிசா கம்ப்யூட்டருக்கு, ஜனங்கள் குழம்பக்கூடாது என்று ஒரே பட்டனாக்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால், ஒரே பட்டனிடம் இரண்டு வேலை வாங்க வேண்டுமே! அதனால் 'டபுள் கிளிக்' என்ற பழக்கம் நிலைத்துவிட்டது. இன்றைக்கு கை லேசாக நடுங்குகிற பெரியவர்கள் ஒரு ஃபைலைத் திறக்க நாலு தடவை, அஞ்சு தடவை தட்டிப் பார்த்து அலுத்துப்போகிறார்களே, அதன் ஆரம்பம் அங்கே இருக்கிறது.

முட்டை கணக்கு

சாதாரணமாக ஒரு மவுஸ் சுவிட்ச் துள்ளுவதற்கு 60 முதல் 80 கிராம் வரை அழுத்தம் தேவைப்படுகிறது. ஒரு கோழி முட்டையின் எடை, அல்லது அதைவிடச் சற்று ஜாஸ்தி. ப்பூ, இவ்வளவுதானா? கொஞ்சம் இருங்கள். படம் வரைகிறவர், பக்கம் அமைக்கிற டி.டி.பி. ஆபரேட்டர், கணக்கு என்ட்ரி போடுகிறவர் ஒரு நாளைக்கு 4,000 தடவை கிளிக் செய்வதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக்குக்கு 70 கிராம் என்றால் மொத்தம் 280 கிலோ. கிட்டத்தட்ட மூணு குவிண்டால் அரிசியை ஒற்றை விரலால், முட்டை முட்டையாகத் தூக்கி வைத்த மாதிரி!

இது குறைந்தபட்சக் கணக்குதான். நாம் யாரும் அளந்து அழுத்துவதில்லை. கீ-போர்டில் டைப் அடிப்பவர்களை அளந்து பார்த்த ஆராய்ச்சிகளில், தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக விரல் குத்துகிறது என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிற நாளில் விரலும் கூடவே குத்தும். நீங்களே கவனித்துப் பாருங்கள்... கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்கிற அன்றைக்கு கிளிக் சத்தம் ஜாஸ்தியாக இருக்கும்.

"அப்படின்னா சுவிட்சை லேசாப் பண்ணிட்டா போச்சு" என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பட்டன் ரொம்ப லேசாக இருந்தால் விரலை அதன் மேல் நிம்மதியாக வைத்திருக்க முடியாது. சும்மா வைத்தாலே கிளிக் ஆகிவிடும். ஃபைல் அழியும், தப்பான பக்கம் திறக்கும். அதற்குப் பயந்துகொண்டு விரலைத் தூக்கியே வைத்திருப்போம். மணிக்கணக்காக! விரலைத் தூக்கிப் பிடிக்கிற தசைகள் முன்கையின் மேல்பக்கம் ஓடி, முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பில் போய் முடிகின்றன. கீழே அழுத்துகிற தசையாவது அவ்வப்போது இளைப்பாறும். தூக்கிப் பிடிக்கிற தசைக்கு அந்த இளைப்பாறலும் கிடையாது. மவுஸ் பிடிக்கிறவர்களில் சிலர், "விரல் நல்லாத்தான் இருக்கு டாக்டர், முழங்கைகிட்டதான் குடையுது" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆக, கனத்தாலும் தப்பு, லேசானாலும் தப்பு. எத்தனை கிராம் சரி என்பது கைக்குக் கை மாறும். பலமான கை, மெலிந்த கை, முடக்குவாதம் வந்த கை, பதினெட்டு வயசுக் கை, எழுபது வயசுக் கை எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச் என்று விற்பது, ஊருக்கெல்லாம் எட்டாம் நம்பர் செருப்பு விற்கிற மாதிரிதான்.

அழுத்துவதைவிட, பிடித்திருப்பது!

கிளிக் செய்வதை விட மோசமானது ஒன்று உண்டு. பட்டனை அழுத்தியபடியே மவுஸை இழுப்பது. படத்தை ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறோம், பத்து வரியைக் கறுப்பாக்கித் தேர்ந்தெடுக்கிறோம், ஃபைலை இழுத்துப் பெட்டியில் போடுகிறோம்... இதெல்லாம் அந்த ரகம்.

நம் மணிக்கட்டில் எலும்பும் நாரும் சேர்ந்து ஒரு குட்டிச் சுரங்கம் இருக்கிறது. கார்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்வார்கள். டவுன் பஸ் மாதிரி நெரிசலான இடம். விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும், மீடியன் நரம்பும் அதற்குள்ளேதான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் நசுங்குவது நரம்புதான். 1999-இல் டேவிட் ரெம்பல் உள்ளிட்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 14 ஆரோக்கியமான ஆட்களின் மணிக்கட்டுச் சுரங்கத்தில் மெல்லிய குழாயைச் செலுத்தி, மவுஸ் பிடிக்கும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார்கள். மூன்று வித மவுஸ்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். இழுக்கிற வேலையின்போது அழுத்தம் 29 முதல் 33 மில்லி மீட்டர் பாதரச அளவுக்குப் போனது. கையைச் சும்மா மவுஸ் மேல் வைத்திருந்ததைவிட இது 12 அதிகம். நரம்பின் வேலையைப் பாதிக்கக்கூடிய அளவு என்று மருத்துவர்கள் கருதுவது சுமார் 30! மவுஸின் உருவத்தை மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது இன்னொரு விஷயம். அப்படியென்றால் 'கைக்கு இதமான வடிவம்' என்று வளைத்து வளைத்துச் செய்வதால் மட்டும் பிரச்னை தீராது. என்ன வேலை வாங்குகிறோம், விரல் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, தீர்வு? ஒரு தடவை அழுத்தினால் பிடித்துக்கொள்ள வேண்டும், மறுபடி தட்டினால் விட வேண்டும். பால்பாயின்ட் பேனா செய்கிற வேலை! மவுஸில் கட்டைவிரல் பக்கம் இப்படி ஒரு 'பூட்டு' பட்டன் வைக்க என்ன கஷ்டம்? விளையாட்டுக்காரர்களுக்காக ஆறு, ஏழு பட்டன் வைத்த மவுஸெல்லாம் வந்துவிட்டது. ஒரு குத்தகைக்காரர் மாதிரி இந்த ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கொடுக்க மறுக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மவுஸில் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டருக்குள் அது ஒளிந்திருக்கிறது! விண்டோஸில் மவுஸ் செட்டிங்ஸுக்குள் போனால் 'கிளிக்லாக்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால், பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடலாம். தொடர்ந்து அழுத்தியிருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். இழுத்து முடித்ததும் ஒரு தட்டு, விட்டுவிடும். இருபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிற வசதி. எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர். முகூர்த்த மாதங்களில் ராத்திரி பதினோரு மணி வரை வேலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய் நடு ராத்திரியில் எழுந்து கையை உதறிக்கொண்டிருந்தார். வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "துணி துவைச்சதுல வந்திருக்கும். வாஷிங் மெஷின் வாங்கலாம்." துணியை வாரத்துக்கு இரண்டு நாள்தான் துவைக்கிறார். மவுஸை வாரத்துக்கு ஆறு நாள் பிடிக்கிறார். அது மட்டும் யார் கண்ணுக்கும் வேலையாகவே தெரியவில்லை! டாக்டரிடம் போய், ராத்திரி மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, இந்தக் கிளிக்லாக்கையும் போட்டுக்கொண்டார். இப்போது தேவலை. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால், "ஒரு பக்கத்தை முடிக்கிறப்போ கை இவ்வளவு லேசா இருந்ததே இல்ல" என்கிறார்.

இரண்டு கோடியின் லட்சணம்

மறுபடி அந்த 'இரண்டு கோடி கிளிக்'குக்கு வருவோம். நாளைக்கு 4,000 கிளிக், வருஷத்துக்கு 300 நாள். 12 லட்சம் ஆகிறது. இரண்டு கோடியைத் தொட பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகவேண்டும். ஆனால், ரெண்டு வருஷத்திலேயே பல மவுஸ்கள் தகராறு செய்கின்றன. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை கிளிக் ஆகிறது. இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது.

காரணம் அந்தத் தவளைதான். தகடு துள்ளி முனையைத் தொடும்போது ஒரே தடவையில் ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்து மாதிரி சில மில்லி செகண்டுகள் எகிறிக் குதிக்கிறது. அதைப் பொருட்படுத்தாதே என்று மவுஸுக்குள் இருக்கும் சில்லுவுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். நாளாக ஆக, தகட்டின் விறைப்பு குறைகிறது. தொடுகிற முனையில் வெள்ளிப் பாத்திரம் கறுக்கிற மாதிரி ஒரு படலம் படிகிறது. வீட்டு லைட் சுவிட்ச் என்றால் பாய்கிற மின்சாரமே அந்தப் படலத்தைப் பொசுக்கித் தள்ளிவிடும். மவுஸில் ஓடுவதோ துளியூண்டு மின்சாரம். வயர்லெஸ் மவுஸில் பேட்டரியை மிச்சம்பிடிக்க அதையும் குறைத்துவிடுகிறார்கள். படலம் போகாது, தொடர்பு விட்டு விட்டு வரும். குறைந்த மின்சாரத்துக்கென்றே தங்கக் கலவை முனை வைத்த சுவிட்சுகள் இருக்கின்றன. தங்கம் கறுக்காது என்பதுதான் நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லையே! விலை சற்றுக் கூடுதல், அதனால் சாதாரண மவுஸில் பார்ப்பது அபூர்வம்.

"இதெல்லாம் மெக்கானிக் சமாசாரம், ஹெல்த் பத்திரிகையில எதுக்கு?" என்றா கேட்கிறீர்கள்? காரணம் இருக்கிறது. தொடர்பு விட்டு விட்டு வருகிற சுவிட்சை நாம் என்ன செய்கிறோம்? அமுக்கிப் பிடிக்கிறோம்! பழைய ரேடியோவைத் தட்டுகிற மாதிரி, வேலை செய்யாத ரிமோட்டை நசுக்குகிற மாதிரி. எழுபது கிராமில் முடிய வேண்டிய வேலைக்கு அதற்கு மேலேயே அழுத்திக்கொண்டிருப்போம். அதுவும் ஒரே நாளில் கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிடுவோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதால் விரலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுகிறது. ஆபீசில் "இன்னும் ஓடுதே, புதுசு எதுக்கு?" என்பார்கள். மவுஸ் ஓடுகிறது, விரல்தான் தள்ளிக்கொண்டு போகிறது.

சென்னை ரிச்சி தெருவில் இந்தச் சின்ன சுவிட்சைக் கழற்றி வேறு வைத்துக் கொடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள். நாலு திருகாணி, மூணு பற்றவைப்பு. சுவிட்சின் விலை ஹோட்டலில் இரண்டு காபி குடிக்கிற காசுகூட இல்லை. அதற்காக எத்தனை மவுஸ்கள் குப்பைக்குப் போகின்றன! பற்றவைக்கவே தேவையில்லாமல், ஃபியூஸ் கட்டையைப் போல் பிடுங்கி வேறு செருகிக்கொள்ளும்படியான மவுஸை அசூஸ் கம்பெனி 2014-லேயே விளையாட்டுக்காரர்களுக்காகக் கொண்டுவந்தது. கனமான சுவிட்ச் வேண்டுமா, லேசான சுவிட்ச் வேண்டுமா, நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பந்தயத்தில் ஜெயிப்பதற்காகச் செய்தார்கள். உண்மையில் அது எழுபது வயசுத் தாத்தாவுக்கும், கை வலிக்கிற டைப்பிஸ்ட்டுக்கும்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும்.

புதுசு புதுசாக வந்துகொண்டுதான் இருக்கிறது. 2016-இல் லாஜிடெக் சத்தம் வராத மவுஸ் விட்டது. தூங்குகிற குழந்தை பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வரப்பிரசாதம்! ஆனால், சிலருக்கு 'டிக்' கேட்காவிட்டால் அழுத்தியாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் தீராமல் இன்னும் அழுத்துவார்கள். நீங்கள் எந்த ரகம் என்று பார்த்து வாங்குங்கள். 2019-இல் ரேசர் கம்பெனியின் வைப்பர் மவுஸில் ஒளி சுவிட்ச் வந்தது. தகடு முனையைத் தொட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைதான் அந்த வேலையைச் செய்கிறது, அவ்வளவே. கறுக்க முனை இல்லை, எகிறிக் குதிப்பதும் இல்லை. இரட்டைக் கிளிக் வியாதிக்கு இது நல்ல மருந்து. அழுத்துகிற கனம் மட்டும் குறையவில்லை.

என்னைக் கேட்டால், சரியான பாதை 2025-இல் லாஜிடெக் அறிவித்த மவுஸில் தெரிகிறது. பட்டன் எவ்வளவு கீழே இறங்கியது என்பதைக் காந்தப்புலத்தால் உணர்ந்துகொள்ளும். எந்த ஆழத்தில் கிளிக் ஆக வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். 'டிக்' என்ற உணர்வைக்கூட ஒரு குட்டி அதிர்வுதான் பொய்யாகத் தருகிறது. ஆப்பிள் கம்பெனி 2015-லேயே தன் மடிக்கணினியின் தொடுபலகையில் இந்தப் பொய்க் கிளிக்கைக் காட்டிவிட்டது. விரலுக்கு ஏற்ப சுவிட்சை அமைத்துக்கொள்ளலாம் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே குறை, இதுவும் வீடியோ கேம் வீரர்களுக்காகத்தான். விலையும் அந்த லெவலில்தான். பாங்க் கவுன்ட்டருக்கும் இ-சேவை மையத்துக்கும் அது எப்போது வருமோ!

அதுவரை புது யந்திரம் எதுவும் வேண்டாம், பெட்டியில் ஒரே ஒரு நம்பர் போடுங்கள் போதும். 'கிளிக் அழுத்தம் இத்தனை கிராம்.' பிஸ்கட் பாக்கெட்டில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று போடுகிறார்களே, அந்த மாதிரி. நம்பர் போட ஆரம்பித்தால் மூன்று நாலு விதத்தில் செய்து விற்கவும் ஆரம்பிப்பார்கள்.

நாம் செய்யக்கூடியது

பட்டனை எந்த இடத்தில் அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள். கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபம், கீல் பக்கம் தள்ளினால் கஷ்டம். மவுஸ் பட்டனும் கதவுதான். கீல் உள்ளங்கைப் பக்கம், சுவிட்ச் நுனிப் பக்கம். பட்டனும் முதுகும் ஒரே பிளாஸ்டிக்காக இருக்கிற மலிவு மவுஸில் இது இன்னும் மோசம். விரலைக் கொஞ்சம் முன்னால், நுனிக்கு அருகே வைத்து அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். சின்னக் கை உள்ளவர்கள் பெரிய மவுஸ் வாங்கினால் விரல் நுனிக்கு எட்டாது, கீல் பக்கமே அழுத்திக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அப்பாவுக்கென்று வாங்கிய மவுஸைப் பத்து வயசுப் பிள்ளை பிடித்தால் கதை இதுதான்.

டபுள் கிளிக் சிரமமாக இருந்தால் ஒரு கிளிக் செய்துவிட்டு என்டர் தட்டுங்கள், ஃபைல் திறந்துகொள்ளும். இல்லாவிட்டால் டபுள் கிளிக் வேகத்தைச் செட்டிங்ஸில் குறைத்துவிடுங்கள். விண்டோஸ் வழக்கமாகக் கொடுப்பது அரை செகண்டு. அதற்குள் இரண்டு தட்டு தட்ட முடியாத கைகள் நிறைய இருக்கின்றன. நடுச் சக்கரத்தை அழுத்தி வேலை வாங்குவதைத் தவிர்க்கலாம், பல மவுஸ்களில் அதுதான் ரொம்ப விறைப்பு. இடது கையால் பிடிக்கப் பழகி, வலது கைக்கு அப்பப்போ லீவு கொடுக்கலாம். இரண்டு பட்டனின் வேலையையும் மாற்றிப் போட செட்டிங்ஸில் வழி இருக்கிறது. ஆனால், கட்டைவிரலுக்குப் பள்ளம் வைத்து வலது கைக்கென்றே வளைத்த மவுஸ் வாங்கியிருந்தால் அதுவும் முடியாது.

ஒன்றை மறைக்கக்கூடாது. மவுஸ் பிடிக்கிற எல்லோருக்கும் கார்பல் டனல் வந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. டென்மார்க்கில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பதில் தந்தவர்களை ஒரு வருஷம் கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கம்ப்யூட்டர் வேலை இந்த நோய்க்குப் பெரிய ஆபத்து என்று சொல்ல முடியாது என்றுதான் முடிவு சொன்னார்கள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களிடம் மட்டும் ஒரு சம்பந்தம் தெரிந்தது. சர்க்கரை வியாதி, தைராய்டு குறைவு, கர்ப்ப காலம், குண்டான உடம்பு எல்லாமே அந்தச் சுரங்கத்தை நெருக்குகிறவை. பெண்களுக்கு வாய்ப்பும் அதிகம். அதனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவதும், ராத்திரி மரத்துப்போய் விழிப்பதும், கையில் பிடித்த டம்ளர் நழுவுவதும் தொடர்ந்து இருந்தால் மவுஸை மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள், சர்க்கரையும் தைராய்டும் சோதித்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, அதையும் சொல்லுங்கள்.

கடையில் வாங்கும்போது பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். "பிரிச்சா வாங்கணும்" என்பார்கள். பெரும்பாலும் மேஜை மேல் மாதிரிக்கு ஒன்று இருக்கும். நின்றபடி இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்துவிடாமல், ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையை மேஜையில் வைத்து, ஐம்பது தடவை அழுத்துங்கள். பிறகு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தபடி நகர்த்துங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். முப்பது எண்ணுவதற்குள் விரல் சொல்லிவிடும். அடுத்த பெட்டியைக் கேளுங்கள்.